தொடர்ப்படமும் உடலுழைப்பும்: ரொம் ரைலரின் நடிப்பு வாழ்வு பற்றிய சில அவதானிப்புகள்

ஹொலிவூட் சினிமாவின் வரலாறு பெரும்பாலும் நெறியாளர்களின் வரலாறாகவும் நட்சத்திரங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. சனிக்கிழமைப் பகற்காட்சிக்கு வரும் சிறுவரைக் கருத்திற்கொண்டு, வாரமொரு அத்தியாயமாகக் குறைந்த செலவில் தயாரிக்கப்பெற்ற சாகசத் தொடர்ப்படங்கள் இவ்வரலாறுகளில் அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகின்றன. அவற்றில் நடித்தோருட் பலர் அவ்வடிக்குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. அத்தகையோருள் ஒருவரான ரொம் ரைலரின் (1903-1954) தொழில் வாழ்வை இங்கு நோக்குவோம். அவரைப் பெருங்கலைஞரென நிறுவுவது எமது நோக்கமன்று. இத்தொழில் ஒரு நடிகனிடமிருந்து எதனை விலைக்கு வாங்கியது என்ற வினாவுக்கு அவரது வாழ்வு தெளிவான விடையொன்றைத் தருகின்றது என்பதே எமது கருத்து.

வின்சென்ற் மார்க்கோவ்ஸ்கி என்பது அவரது இயற்பெயர். நியூ யோர்க் மாநிலத்துப் போர்ட் ஹென்றியில் லிதுவேனிய வழிவந்த குடும்பத்திற் பிறந்த அவர், மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த மிச்சிகன் மாநிலத்து ஹம்ராமிக் நகரில் வளர்ந்தார். பாரந்தூக்கும் வீரராகப் பெயர் பெற்றிருந்த அவரை 1925இல் எவ்.பீ.ஓ. என்னும் நிறுவனம் ரொம் ரைலர் எனப் பெயரிட்டுக் குதிரைவீரர் படங்களின் கதாநாயகனாக்கியது. அது பேசாப்படக் காலம். குதிரையேறவும் சண்டையிடவும் வல்ல நெடிய உடலொன்றே அங்கு போதிய மூலதனமாயிருந்தது. 1929அளவில் அந்நிறுவனத்துடனான தொடர்பு முடிவுற்றபின், பேசும்படம் அவரைச் சிறு நிறுவனங்களின்பாற் தள்ளியது. 1931இல் மாஸ்கொற் நிறுவனத்தின் தொடரொன்றிலும், தொடர்ந்து 1931 முதல் 1933 வரையில் யூனிவேர்சல் நிறுவனத்தின் நான்கு தொடர்களிலும் அவர் நடித்தார்.

தொடர்ப்படங்களுள் இன்றும் பேசப்படுவது, றிப்பப்ளிக் நிறுவனம் 1941இல் 12 அத்தியாயங்களாக வெளியிட்ட 'கப்டன் மார்வலின் சாகசங்கள்' ஆகும். வில்லியம் விற்னி, ஜோன் இங்லிஷ் என்னும் இருவர் நெறிப்படுத்திய இப்படமே சித்திரக்கதையின் அதிமானிட வீரனொருவன் திரையில் உயிருள்ள நடிகர் வாயிலாகத் தோன்றிய முதற் படமென்பர். சியாம் நாட்டுப் பழங்கல்லறையொன்றிலே பில்லி பற்சன் என்னும் இளைஞனுக்கு மந்திரச் சொல்லொன்று கிடைக்கின்றது. அதனை உச்சரித்ததும் அவன் கப்டன் மார்வலாக மாறுகின்றான். கீழைத்தேயம் இங்கு ஒரு நாடாகவன்றி மர்மப் பொருட்களின் களஞ்சியமாகவே காட்டப்படுகின்றது. அக்கால மேலைத்தேயச் சாகசக் கதைகளின் பொதுநோக்கு இதுவெனினும், கீழைத்தேயத்தவராகிய நாம் அதனைச் சுட்டாது செல்லவியலாது.

இப்படத்தில் ரைலரின் பங்கு யாது? கதையை நடத்திச் செல்லும் உரையாடல்களிற் பெரும்பகுதி பில்லியாக நடித்த பிராங் கொக்லனுக்கே உரியது. ஆகாயத்திற் பறந்து செல்வது ரைலரன்று. லைடெக்கர் சகோதரர்கள் சமைத்து, கம்பிகளின்மீது வழுக்கிச் செல்லவிட்ட, ஆளினும் பெரிய பொம்மையொன்று. உயரத்திலிருந்து பாய்பவரும் புரண்டெழுபவரும் சாகச நடிகரான டேவிட் ஷார்ப். எஞ்சியது நிற்றல், நடத்தல், நோக்குதல் ஆகியனவே. இவ்வெச்சத்தைக் கொண்டே ரைலர் அப்பாத்திரத்தை ஆக்கினார். துப்பாக்கிக் குண்டுகள் மார்பிற் பட்டுத் தெறிக்க, விரைவின்றி முன்னேறும் அவரது நடையில் இரக்கமற்ற உறுதியொன்று உண்டு. முதலாம் அத்தியாயத்தில், தோற்றோடும் உள்நாட்டினர்மீது அவர் இயந்திரத் துப்பாக்கியைத் திருப்பிச் சுடுகின்றார். புறமுதுகிட்டோரைத் தாக்காமையை வீரத்தின் இலக்கணமெனப் பயின்ற எமக்கு இது அதிர்ச்சி தருவது. எனினும் சிறுவர்க்கான படத்தில் நாயகனே அச்சத்துக்குரியவனாகத் தோன்றும் இத்தன்மைதான், இப்படத்தை அதன் பின்வந்த போலிகளினின்றும் வேறுபடுத்துகின்றது என்பது எமது துணிபு. பொம்மைக்கும் பாய்ச்சலுக்கும் கனம் தந்தது இந்நடையே.

ஜோன் வெயினுடன் ரைலரை ஒப்புநோக்குதல் இவ்விடத்துப் பயனுடையது. வெயினும் 1932இலும் 1933இலும் மாஸ்கொற் தொடர்களில் உழைத்தவரே. 1938, 1939ஆம் ஆண்டுகளில் றிப்பப்ளிக்கின் குதிரைவீரர் மூவர் படவரிசையில் ஸ்ரோனி புறூக் என்னும் பாத்திரத்தையும் அவர் ஏற்றிருந்தார். 1939இல் ஜோன் போர்ட் நெறிப்படுத்திய 'ஸ்டேஜ்கோச்' வெயினை அவ்வுலகினின்றும் மீட்டது. அதே படத்தில், வெயினின் கையால் மடியும் லூக் பிளம்மராக ரைலர் தோன்றுகின்றார். துப்பாக்கிச் சண்டை வெளியே நிகழ்கின்றது. பின்னர் மதுச்சாலைக் கதவினூடே அவர் நடந்து வருகின்றார். வென்றவர் அவரே என ஒருகணம் எண்ணுகின்றோம். மறுகணம் சொல்லேதுமின்றிச் சாய்கின்றார். அங்கும் பேசியது நடையே. வெயின் விட்டுச் சென்ற ஸ்ரோனி புறூக் பாத்திரம் 1941 முதல் 1943 வரை ரைலரிடம் வந்துசேர்ந்தது. ஒருவர் ஏறிச்சென்ற படியில் மற்றவர் நிறுத்தப்பட்டார். இதனைத் திறமை வேறுபாடென்று மட்டும் விளக்குதல் பொருந்தாது. வெயினுக்கு ஒரு போர்ட் முதன்மைப் பாத்திரம் அளித்தார். ரைலருக்கோ அதே போர்ட் சிறு பாத்திரங்களையே அளித்தார்.

கொலம்பியா நிறுவனம் 1943இல் 15 அத்தியாயங்களாக வெளியிட்ட 'பான்ரம்' தொடரில் ரைலர் முகமூடி அணிந்தார். லீ போக்கின் சித்திரக்கதை வீரனுக்கு அவரது உடல் மிகவும் இசைந்திருந்தது. ஆயின் அவ்வாண்டுகளிலேயே கடுமையான மூட்டுவாதம் அவரைப் பற்றியது. குதிரையேற்றம் அரிதாயிற்று, நாயக வேடங்கள் நின்றன. 1949இல் போர்டின் 'மஞ்சள் நாடா அணிந்தவள்' படத்திற் காயமுற்ற படைவீரனாக அவரைக் காண்கின்றோம். இறுதியில் ஹம்ராமிக்குக்குத் திரும்பி, சகோதரியின் இல்லத்தில் வாழ்ந்து, 1954 மே மாதத்தில் 50ஆம் வயதிற் காலமானார்.

கொலம்பியா நிறுவனம் 'பான்ரம்' கதையின் தொடர்ச்சியொன்றைத் தயாரிக்க முற்பட்டு, பாத்திர உரிமை கிட்டாமையால் அதனைக் 'கப்டன் ஆபிரிக்கா' என மாற்றி 1955இல் வெளியிட்டது. நாயகன் ஜோன் ஹார்ட். செலவைக் குறைக்கும்பொருட்டு 1943ஆம் ஆண்டுத் தொடரின் காட்சித் துண்டுகள் அதிற் சேர்க்கப்பட்டன. அவற்றுடன் ஒத்திருக்குமாறே ஹார்ட்டின் உடையும் அமைக்கப்பட்டது. அப்படத்தின் தொலைக்காட்சிகள் சிலவற்றில் ஓடுபவரும் போரிடுபவரும் ஓராண்டின் முன் மறைந்த ரைலரே.