பெருங்களத்தூர் ரோவர்: மாட்டியாச்சு, ஆனா சேரல

பதிவு போட்டு நாளாச்சு. இன்னிக்கு வண்டி மேட்டர். எஞ்சின், கியர் பாக்ஸ்னாலே ஒவ்வாமை இருக்கிறவங்களும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டு படிங்க, கதை நம்ம தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன்ல நடந்தது.

பழைய பிக்கப் வண்டி வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தர், முட்டி வலி தாங்கல, கிளட்ச் மிதிக்க முடியல, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மாட்டிடலாமான்னு கிளம்பினார். சேலையூர் பக்கம் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் சொன்னது: "மாட்டிடலாம் சார். மாட்டுறது பெரிய விஷயமே இல்ல. சேரணும்ல?"

அப்புறம் டீ வர்றதுக்குள்ள ஒரு கிளாஸே எடுத்துட்டார். முதல்ல எஞ்சினோட பின்பக்கத்து போல்ட் ஓட்டையும் கியர் பாக்ஸ் பெல் ஹவுசிங் ஓட்டையும் ஒத்துப்போகாது. லேத்துல கொடுத்து நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் செய்யணும். அது மயிரிழை நடுமையம் தப்பினாலும் முன்பக்க சீலும் புஷ்ஷும் தேயும். டார்க் கன்வர்ட்டர் உள்ளே பம்ப் வரை முழுசா உட்காரணும். உட்காராமலே போல்ட்டைப் போட்டு இறுக்கினா பம்ப் உடையும். புது பாக்ஸ் நீளம் வேற, அதனால பின்னாடி போற ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ணணும். கியர் பாக்ஸைத் தாங்குற குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும். ஆயில் கூலருக்கு பைப் இழுக்கணும். ஸ்பீடோ மீட்டர் தப்பா காட்டும். இத்தனையும் முடிச்சு வண்டி ஸ்டார்ட் ஆனதும்தான் நிஜப் பிரச்சினையே ஆரம்பம்: எஞ்சின் எந்த வேகத்தில் இழுக்குதோ அந்த வேகத்தில் கியர் மாறணும், பின் ஆக்சிலோட பல் கணக்கும் அதுக்குத் தோதா இருக்கணும். இல்லேன்னா எல்லா போல்ட்டும் கச்சிதமா உட்கார்ந்தும் வண்டி ஓடாது, ஊரும். ஆர்டிஓ அனுமதி தனிக் கதை.

நண்பர் முகம் சுருங்கிடுச்சு. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "கவலைப்படாதீங்க, ஸ்டாண்டர்ட் கம்பெனியே இதுல மாட்டிக்கிச்சு"ன்னார். அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் இருந்த ஆலை. 1949-லிருந்து 1988 வரை மெட்ராஸ் பேர் சொன்ன கார்கள் இவங்களோடதுதான். இங்கிலாந்து ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் வண்டிகளை நம்ம ஊருக்குத் தக்கபடி செஞ்சு வித்தாங்க. முதல்ல வான்கார்ட், அப்புறம் எயிட், டென், 1961-ல் ஹெரால்ட். நாலு கதவு ஹெரால்டை இங்கிலாந்துக்காரனே செய்யல, இவங்கதான் செஞ்சாங்க. மார்க் த்ரீன்னு பேர், 1968. பெருமைக்குரிய விஷயம், ஆனா இதைப் பத்தி பெருமைப்படுற ஆளை நான் இதுவரை தாம்பரத்தில் பார்த்ததில்லை.

பொருத்தம் பார்க்கிற வித்தை இவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஹெரால்டுக்குப் பின்னாடி இருந்தது ஸ்விங் ஆக்சில், ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடும். நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குகளுக்கும் அது ஒத்துவரல. 1970களின் தொடக்கத்தில் கெஸல்னு ஒரு கார் விட்டாங்க. உள்ளே அதே 948 சிசி எஞ்சின்தான், ஆனா ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு அம்பாசடர்ல இருக்கிற மாதிரி ஒரே தண்டாக நேர் ஆக்சில் போட்டாங்க. காகிதத்தில் பார்த்தா பின்னோக்கிப் போன மாதிரி தெரியும். ரோட்டில் பார்த்தா சரியான முடிவு.

1977-ல் கெஸல் நின்னுது. அதுக்கப்புறம் கார் இல்ல, ஸ்டாண்டர்ட் 20 வேனும் பிக்கப்பும் மட்டும். எட்டு வருஷம் இப்படியே ஓடிச்சு. 1985-ல் (வண்டலூர் ஜூவும் அதே வருஷம்தான் திறந்தாங்க) திடீர்னு ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. பார்த்தவங்க வாயைப் பிளந்திருப்பாங்க. ஏன்னா அது ரோவர் எஸ்டி1.

எஸ்டி1 என்பது 1976-ல் இங்கிலாந்தில் வந்த கார். டேவிட் பாஷ் வரைஞ்சது. ஃபெராரி டேடோனா சாயல் மூக்கு, பின்னாடி ஏறி நிற்கிற ஐந்தாவது கதவு. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார்னு பரிசு வாங்கினது. உள்ளே 3528 சிசி வி8 எஞ்சின், 155 குதிரைத்திறன். ஐந்து கியர் மேனுவல், வேணும்னா போர்க் வார்னர் ஆட்டோமேட்டிக். கவனிங்க, அந்த உடம்பு, அந்த எடை, அந்த கியர் விகிதம் எல்லாம் இந்த வி8-ஐ மனசுல வெச்சுப் போட்ட கணக்கு. பின் ஆக்சில் மட்டும் முந்தைய ரோவரை விட எளிமையான நேர் ஆக்சில். அதாவது கெஸலுக்கு இவங்க கஷ்டப்பட்டு மாத்தின சமாச்சாரம், இதில் இங்கிலாந்திலிருந்தே ரெடியா வந்தது.

அப்ப எங்கே இடிச்சது? எஞ்சின்ல.

வி8 இங்கே கனவு. 1982-ல் ரோவரே ஓ சீரிஸ் 1994 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின் போட்டு, 100 குதிரைத்திறனை ஒட்டி ஒரு மலிவு எஸ்டி1 விட்டிருந்தான். அதையாவது போட்டிருக்கலாமேன்னு நாம இன்னிக்கு உட்கார்ந்து சொல்லலாம். அது லைசென்ஸ் காலம். அந்நியச் செலாவணிக்கு அரசு அனுமதி வாங்கணும், உள்நாட்டு உதிரிபாகம் இவ்வளவு இருக்கணும்னு நிபந்தனை வேற. கம்பெனி கையில் சொந்தமா இருந்தது 1940களில் பிறந்த வான்கார்ட் எஞ்சின். எடுத்து மாட்டிட்டாங்க.

அந்த எஞ்சினை மட்டமா பேசினா எனக்குக் கோபம் வரும். அதன் சிலிண்டர் லைனர்கள் தண்ணிக்குள் நிற்கிற தனிக் குழாய்கள். கழட்டி வேற விட்டத்தில் போட்டா அதே பிளாக்கில் வேற எஞ்சின். 80 மில்லிமீட்டர் போட்டா 1850 சிசி, ஃபெர்குசன் டிராக்டர். 85 போட்டா 2088, வான்கார்ட் கார். 83 போட்டா 1991, டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார். நாலாபுறமும் உழைச்ச எஞ்சின் அது. உழவும் தெரியும், பந்தயமும் தெரியும். ஆனா பிஸ்டன் பயணம் 92 மில்லிமீட்டர், விட்டத்தை விட நீளம். கீழே நல்லா இழுக்கும், மேலே சுத்தச் சொன்னா திணறும். டிஆர்2 சின்ன லேசான கார், அதில் சமாளிச்சது. எஸ்டி1 அந்த மாதிரி இல்ல, பெரிய குடும்ப கார்.

ஸ்டாண்டர்ட் 2000-க்குப் போட்டது இந்த 1991 சிசி வகைதான். வி8-இன் பாதியை ஒட்டிய சக்தி. நம்ம ரோட்டுக்காக வண்டியை உயர்த்தியும் விட்டாங்க. இப்ப அண்ணன் சொன்னதை ஞாபகப்படுத்திப் பாருங்க. பிராக்கெட் செஞ்சு, மவுண்டிங் செஞ்சு, பெல் ஹவுசிங் சேர்த்து எஞ்சினை உட்கார வைக்கிறது ஒரு ஆலைக்குப் பெரிய வேலையே இல்ல. மாட்டியாச்சு. பானெட் மூடுது, வண்டி ஓடுது. ஆனா சேரல. விலை எக்கச்சக்கம், உள்ளே தாத்தா காலத்து எஞ்சின். பக்கத்திலேயே மாருதி வந்து ஜப்பான் எஞ்சின்னா என்னன்னு ஜனங்களுக்குக் காட்டிட்டான்.

இதே நோய் கான்டெஸாவுக்கும் இருந்தது. 1984-ல் வந்தப்ப வாக்ஸால் விக்டர் உடம்பில் அம்பாசடர் எஞ்சின், 1.5 லிட்டர். நகராத யானை. ஆனா இந்துஸ்தான் மோட்டார்ஸ் சில வருஷத்திலேயே இசுசு 1.8 எஞ்சினையும், அதோட கூடப் பிறந்த ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவந்தான். கான்டெஸா அப்புறம் பல வருஷம் ஓடினது. பிரீமியர் 118 என்இ-யும் அதே ரூட்தான், ஃபியட் 124 உடம்பு, நிஸான் எஞ்சின். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஜோடியா வந்தா பாதித் தலைவலி போச்சு. பெருங்களத்தூருக்கு அந்த ரெண்டாவது வாய்ப்பு வரல. உதிரிபாகம் கிடைப்பதும் கஷ்டமாயிடுச்சு, ரோவர் இங்கிலாந்திலேயே 1986-ல் எஸ்டி1-ஐ நிறுத்திட்டான். இந்தப் பக்கம் டிசிஎம் டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிஸான்னு நாலு ஜப்பான் கூட்டணி மினி லாரிகள் இறங்கினதும் ஸ்டாண்டர்ட் 20-இன் வயித்திலும் அடி. 1988-ல் ரெண்டும் நின்னுது.

கார் தோத்தா காருக்கு ஒண்ணுமில்ல. காலையில் ரயிலேறி ஷிப்டுக்கு வந்தவங்களுக்குத்தான். லே-ஆஃப், வழக்கு, இழுபறின்னு பதினெட்டு வருஷம். லே-ஆஃப் நோட்டீஸ் வந்தப்ப பள்ளிக்கூடம் சேர்ந்த குழந்தை காலேஜே முடிச்சிருக்கும். எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது அந்த ஃபிட்டரும் டர்னரும் இல்ல. செலாவணி அனுமதி கொடுக்காததும் அவங்க இல்ல.

2006-ல் ஆலை ஏலத்துக்குப் போச்சு. இடத்தில் இப்ப ஐடி பார்க்கும் அடுக்குமாடிகளும். ஜிஎஸ்டி ரோட்டில் ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கிற பசங்ககிட்ட இங்கே ரோவர் செஞ்சாங்கன்னு சொன்னா சிரிப்பாங்க. இன்னொரு விசித்திரம், அங்கிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி ஒரகடத்தில், கனரக வண்டிகளுக்கான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்கிற அலிசன் ஆலை 2010-லிருந்து இருக்கு. நண்பர்கிட்ட சொல்லிடாதீங்க, மறுபடி கிளம்பிடுவார்.

ஏலத்தில் ஒரு சமாச்சாரம் மட்டும் விடக்கூடாது. கிடங்கில் மிச்சம் இருந்த எஸ்டி1 உதிரிபாகங்களை இங்கிலாந்து ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணு மொத்தமா வாங்கிட்டுப் போச்சு. அங்கே பழைய ரோவர் வெச்சிருக்கிற ஆசாமிகள், பெருங்களத்தூர்ல தூசி படிஞ்சு கிடந்த சாமானை வாங்கி வி8 வண்டியில் மாட்டிக்கிட்டாங்க.