விமானம் குறைந்தால் விமானி சம்பளமும் குறையுமா? ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய 'அந்த ஒரு எண்'!

2024 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்தாரா விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகின. வானிலை காரணம் இல்லை. விமானத்தை இயக்கப் போதிய விமானிகள் இல்லை. உடல்நிலை சரியில்லை என்று பலர் விடுப்பில் போயிருந்தனர். ஏர் இந்தியாவுடன் இணைப்பு நெருங்கிய நேரத்தில் கொண்டுவரப்பட்ட புதிய சம்பள ஒப்பந்தம்தான் அதிருப்திக்குப் பின்னணி. அதில் முக்கியமான மாற்றம் ஒரே எண்: 70-க்கு பதில் 40.

அது என்ன 70, 40?

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. டிரிப் இருந்தால்தான் பேட்டா. துறைமுகத்தில் சரக்கு குறைந்தால் வண்டியும் நிற்கும், வருமானமும் நிற்கும்.

விமானிக்கும் பறக்கும் மணி நேரம்தான் கணக்கு. ஆனால் ஒரு பாதுகாப்பு உண்டு. பறந்தாலும் பறக்காவிட்டாலும், மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கான சம்பளம் உறுதி. விஸ்தாராவில் 70 மணி நேரமாக இருந்த அந்த உறுதி 40 ஆனது. அதற்கு மேல் பறந்தால் தனியாகக் காசு.

உதாரணத்துக்கு, ஒரு விமானிக்கு ஒரு மாதம் 55 மணி நேரம்தான் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் 70 மணி நேரச் சம்பளம் வரும். புதிய முறையில் 55-க்குத்தான் வரும். அந்த 15 மணி நேர நஷ்டம் யாருக்கு? முன்பு கம்பெனிக்கு, இப்போது விமானிக்கு.

விஸ்தாரா தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துத்தான் நிலைமையைச் சமாளித்தது. 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது.

விமானங்களே குறைந்துவிட்டால்?

2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது, அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்கள் 'வேலையில்லா நாட்கள்' அறிவித்தது நினைவிருக்கலாம். விமானத் துறையில் இதற்குப் பெயர் சம்பளமில்லா விடுப்பு. ஸ்பைஸ்ஜெட் 2022 செப்டம்பரில் சுமார் 80 விமானிகளை 3 மாதம் இப்படி அனுப்பியது.

கம்பெனியே நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றபோது விமானிகளுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி இருந்தது. 2024 நவம்பரில் அதன் சொத்துகளை விற்றுக் கடனை அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சம்பளத்தை ஒப்பிடுவது எப்படி?

மாதத் தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். ஸ்பைஸ்ஜெட் கேப்டன்களுக்கு 2022 நவம்பரில் 80 மணி நேரத்துக்கு 7 லட்சம் ரூபாய். 2023 மே மாதம் 75 மணி நேரத்துக்கு 7.5 லட்சம். பார்வைக்கு உயர்வு 50 ஆயிரம்தான், அதாவது சுமார் 7%. ஆனால் மணிக்கு 8,750 ரூபாயாக இருந்தது 10,000 ஆகிறது. உண்மையான உயர்வு சுமார் 14%.

பிடிக்கலைன்னா உடனே வெளியேறலாமா?

முடியாது. 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் 1 வருடம், துணை விமானிக்கு 6 மாதம். 2023-ல் 43 விமானிகள் இந்தக் காலத்தை முடிக்காமல் போய்விட்டதாகச் சொல்லி ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை சென்றது.

கையெழுத்துப் போடும் முன்...

பைலட் பயிற்சிக்குப் பல லட்சம் செலவாகும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு, மாதத் தவணை கட்டும் தெம்பு இருக்குமா என்பதை இந்த ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். பார்க்க வேண்டியவை 4:

* உறுதி செய்யப்பட்ட மணி நேரம் எவ்வளவு?
* சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப கம்பெனிக்கு உரிமை இருக்கிறதா? அதிகபட்சம் எத்தனை மாதம்?
* பயிற்சிக்கான பாண்டு எத்தனை வருடம்? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?
* கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினால் அந்த பாண்டு தொகை ரத்தாகுமா?

வங்கியில் கடன் கேட்கும்போது, விளம்பரத்தில் வரும் சம்பளத்தை வைத்துத் தவணையைக் கணக்குப் போடாமல், உறுதி செய்யப்பட்ட மணி நேரத்துக்கு வரும் சம்பளத்தை வைத்துப் போடுவதே பாதுகாப்பு.