போர் உடைத்த பேனா – 7: பேச்சிழந்தவர்களின் மாளிகை

சீக்ஃப்ரீட் சசூன் எதிர்பார்த்தது சிறை. கிடைத்தது மருத்துவமனைக் கட்டில்.

ராணுவச் சட்டையிலிருந்து மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் நாடாவைப் பிய்த்தெடுத்து, மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அவர் வீசியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். முடித்துவைக்கும் அதிகாரம் உள்ளவர்களே இந்தப் போரை வேண்டுமென்று நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி, கையெழுத்திட்டு, மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள், தேசமே திரும்பிப் பார்க்கும், பதுங்குகுழிகளில் நடப்பது வெளியே வரும் என்பது அவர் கணக்கு.

நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் அந்தக் கணக்கைக் கலைத்தார். அவரும் கவிஞர், அதே படைப்பிரிவு அதிகாரி. எப்படியாவது சசூனைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் ஒரு பொய் சொன்னார்: ‘உன்னை ஒருபோதும் விசாரிக்க மாட்டார்கள். போர் முடியும்வரை பைத்தியக்கார விடுதியில் பூட்டிவைப்பார்கள்.’ சசூன் நம்பினார். 1917 ஜூலை 20 அன்று மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்றார். கிரேவ்ஸ் கண்ணீரோடு சாட்சி சொன்னார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று தாளில் எழுதப்பட்டது.

பத்து நாள் கழித்து சசூனின் அறிக்கை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. மறுநாள் ‘தி டைம்ஸ்’ இதழிலும் வந்தது. ஆனால் அதற்குள் அது நோயாளி ஒருவரின் அறிக்கை ஆகிவிட்டிருந்தது. சொன்னவரை நோயாளி ஆக்கிவிட்டால் சொன்னதை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் அடக்குமுறைகளில் என்னை அதிகம் கலங்கவைப்பது, சத்தமே இல்லாமல் நடந்த இந்த ஒன்றுதான்.

எடின்பரோ நகரின் ஓரத்தில், குன்றுச் சரிவில் நின்றது கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனை. பணக்காரர்கள் நீர்ச் சிகிச்சைக்காக வந்து தங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகை அது. 1916-ல் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. மனம் சிதைந்த அதிகாரிகள் மட்டும் அங்கே அனுப்பப்பட்டார்கள். பகலில் கோல்ஃப், டென்னிஸ், தோட்ட வேலை என்று வெளியாட்களுக்கு அது ஓய்வு விடுதியாகத்தான் தெரிந்திருக்கும். இரவானதும் அறைக்கு அறை அலறல் கேட்கும். தூங்கினால் கனவில் போர் வந்துவிடும் என்று பயந்து விழித்தே கிடந்தவர்கள் பலர்.

‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் மருத்துவ ஏடுகளில் ஏறியே இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் சுமார் 80,000 பேர் இந்த நோய்க்காகச் சிகிச்சை பெற்றார்கள். சிலருக்குக் கால் வழங்கவில்லை, சிலருக்குக் கண் தெரியவில்லை. ஆனால் உடலில் காயம் இல்லை. பேச்சே நின்றுபோன சிப்பாய்கள் ஏராளம். அதிகாரிகளுக்கோ நாக்கு திக்கியது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் லூயிஸ் யெலாண்ட் என்ற மருத்துவர், ஊமையாகிவிட்ட சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்துக்கொண்டிருந்தார்.

கிரெய்க்லாக்கார்ட்டில் சசூனுக்கு வாய்த்த மருத்துவர் வேறு மாதிரி. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். வயது 53. அவருக்கே சிறு வயதிலிருந்து திக்குவாய் உண்டு. நமக்கும் அவர் அந்நியரல்ல. 1901–02 காலத்தில் நீலகிரியில் தங்கி, தோடர் மந்துகளுக்குப் போய், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வம்சாவளி கேட்டு எழுதியவர். தோடர்களைப் பற்றி 1906-ல் அவர் வெளியிட்ட பெரும் புத்தகத்தைத் தொடாமல் இன்றும் மானுடவியலாளர் யாரும் நீலகிரியைப் பற்றி எழுத முடியாது. எருமைகளையும் முன்னோர்களையும் பற்றித் தோடர்கள் சொன்னதை அவசரப்படாமல் கேட்ட அதே காதுகள், பிரான்சின் சேற்றிலிருந்து மீண்டவர்கள் சொல்வதைக் கேட்க இங்கே காத்திருந்தன.

‘மறந்துவிடு, நல்லதை நினை’ என்று மற்ற மருத்துவர்கள் சொன்னார்கள். ‘மறக்க முயலாதே, நினைத்துப் பார், சொல்’ என்றார் ரிவர்ஸ். அடக்கிவைத்த நினைவுதான் இரவில் திரும்பி வருகிறது என்பது அவர் கண்டறிந்தது.

ஆனால் சசூனிடம் அவருக்கு ஒரு சிக்கல். இவர் நோயாளியே அல்லர். தெளிவாகப் பேசுகிறார், நியாயமாக வாதாடுகிறார். அரசு ரிவர்ஸுக்குக் கொடுத்த வேலை, இந்தத் தெளிவைக் குணப்படுத்தி மறுபடி போர்முனைக்கு அனுப்புவது. மாலைதோறும் பேசப் பேச, இவரை மாற்றப்போய் நானே மாறிவிடுவேனோ என்ற கேள்வி ரிவர்ஸைத் துளைத்தது. அந்தப் போராட்டம் அவருடைய கனவுக்குள்ளும் வந்தது. தன் கனவையே ஆராய்ந்து எழுதிவைத்த மனிதர் அவர்.

இதே மாளிகையில், சசூனுக்கு ஒரு மாதம் முன்பே, இன்னொருவர் வந்து சேர்ந்திருந்தார். வில்ஃப்ரட் ஓவன், 24 வயது. கீட்ஸைத் தெய்வமாகக் கொண்டாடியவர், அழகான சொற்களை அடுக்கி அழகான கவிதை எழுதியவர். 1917 ஜனவரியில் வெள்ளம் புகுந்த பதுங்குகுழி ஒன்றில், குண்டு மழைக்கு நடுவே, சுமார் ஐம்பது மணி நேரம் கிடந்தார். ஏப்ரலில் ஒரு குண்டு அவரைத் தூக்கி எறிந்தது. அதன்பின் பல நாள் ரயில் பாதைக் கரையோரப் பள்ளம் ஒன்றில், சக அதிகாரி ஒருவரின் சிதறிய உடலுக்கு அருகில் ஒடுங்கிக் கிடந்தார். மீட்டபோது கை நடுங்கியது, நினைவு குழம்பியது.

அவருடைய மருத்துவர் ஆர்தர் பிராக், வேலையே மருந்து என்று நம்பியவர். கிரேக்கக் கதையில் வரும் அந்தேயஸ், கால் தரையில் படும்வரை வெல்ல முடியாத மல்லன். ஹெர்குலிஸ் அவனைத் தரையிலிருந்து தூக்கிய பிறகுதான் கொன்றான். போர் உங்களையும் தரையிலிருந்து தூக்கிவிட்டது, மறுபடி காலூன்றுங்கள் என்று சொல்லி, அந்தக் கதையையே கவிதையாக எழுதப் பணித்தார். ‘தி ஹைட்ரா’ என்ற மருத்துவமனை இதழுக்கு ஓவன் ஆசிரியரானார். அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை அந்த இதழில்தான் வந்தது, அதுவும் பெயர் இல்லாமல்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் சசூனின் அறைக்கதவு தட்டப்பட்டது. சசூன் கட்டிலில் அமர்ந்து கோல்ஃப் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சசூனின் கவிதைப் புத்தகத்தின் பிரதிகள் சிலவற்றைக் கையில் அணைத்தபடி, கையெழுத்துக் கேட்டுத் தயங்கி நின்றார் ஓவன். தானும் எழுதுவதாகச் சொல்ல அவருக்குத் துணிவு வரச் சற்று நேரமாயிற்று.

செப்டம்பரில் ஓவன் ஒரு பதினான்கு வரிக் கவிதையைக் கொண்டுவந்தார். சசூன் பென்சிலை எடுத்தார். அந்தக் கைப்பிரதி இன்றும் இருக்கிறது, இருவர் கையெழுத்தும் ஒரே தாளில் கலந்து. தலைப்பில் ‘இறந்த இளைஞர்’ என்று இருந்ததை ‘சாவுக்கென்றே குறிக்கப்பட்ட இளைஞர்’ என்ற பொருள்படும்படி மாற்றச் சொன்னவர் சசூன். அந்தத் திருத்தத்தில் கவிதையின் காலமே நகர்ந்துவிட்டது. முடிந்த சாவுக்கு அழுத கவிதை, இன்னும் நடக்கவிருக்கும் சாவுகளை எண்ணத் தொடங்கியது.

சசூன் ஊட்டியது துணிவு. ஓசை ஓவனுடையது. ஆங்கில இயைபில் உயிரொலியும் அதற்குப் பின்வரும் மெய்யும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓவன் மெய்களை மட்டும் நிறுத்திவிட்டு நடுவிலுள்ள உயிரொலியை மாற்றினார். தமிழில் சொன்னால் ‘மாலை’, ‘மூலை’ போல. நமக்கு இது முறையான எதுகை. ஆங்கிலச் செவிக்கோ, கிட்டே வந்து சேராமல் போன ஓசை. ஒவ்வொரு அடியிலும் காது ஏமாறும். போர்க் கவிதைக்கு அந்த ஏமாற்றம்தான் பொருந்தியது.

நவீனக் கவிதையைச் சில மேதைகள் பாரிஸிலும் லண்டனிலும் அமர்ந்து கண்டுபிடித்த உத்தியாகச் சொல்லும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. வீரம், தியாகம், புகழ் என்ற சொற்களை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்தபோது அந்தச் சொற்களை உச்சரிக்க முடியாதவர்களாக இருந்தார்கள். மொழி முதலில் உடைந்தது அவர்கள் தொண்டையில்தான். 1922-ல் எலியட் துண்டு துண்டாக ஒரு நெடுங்கவிதை எழுதியபோதும், 1925-ல் வர்ஜீனியா வுல்ஃப் தன் ‘மிஸஸ் டாலவே’ நாவலில் ஒரு ஷெல் ஷாக் சிப்பாயை லண்டன் வீதியில் நடக்கவிட்டபோதும், உடைந்த பேச்சைக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை அங்கே வாசகராகக் காத்திருந்தது.

அக்டோபர் கடைசியில் மருத்துவக் குழு ஓவனைப் பரிசோதித்தது. தேறிவிட்டார், போகலாம் என்றது. தேறிவிட்டார் என்றால், மறுபடி ராணுவப் பணிக்கு.

நவம்பர் தொடக்கத்தில் எடின்பரோ கிளப் ஒன்றில் கடைசி விருந்து. ஆடம்பரமான சொற்களால் நிறைந்த ஒரு மோசமான கவிதைப் புத்தகத்தைச் சசூன் உரக்க வாசிக்க, ஓவன் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார். பிறகு சசூன் மருத்துவமனைக்குத் திரும்ப எழுந்தார். போகும்போது ஒட்டிய உறை ஒன்றை ஓவன் கையில் திணித்தார்.

தனியே அமர்ந்து, ஏதோ பயங்கர ரகசியம் இருக்கும் என்று அஞ்சியபடி ஓவன் அதைப் பிரித்தார். ஒரு பத்துப் பவுண்டு நோட்டு. ஒரு லண்டன் முகவரி.

முகவரிக்கு உரியவர் ராபர்ட் ராஸ். ஆஸ்கார் வைல்டை உலகமே கைவிட்டபோது கூட நின்றவர், வைல்டின் எழுத்துகளைக் காத்தவர். இளம் கவிஞர்களுக்கு எப்போதும் திறந்திருந்த வீடு அவருடையது. வைல்டோடு நின்ற காரணத்தால் எதிரிகள் கண்காணித்த வீடும்கூட. அந்த வட்டத்தில் ஓவன் சந்திக்கப்போகும் ஒருவருக்குப் போர் அலுவலகத்தில் வேலை. ஓவனை பிரான்சுக்கு அனுப்பவிடாமல் இங்கிலாந்திலேயே நிறுத்த அவர் கோப்புகளோடு போராடப்போகிறார்.

இதற்கிடையே எடின்பரோவில், தன் அறிக்கையில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறாத சசூன், ரிவர்ஸிடம் போய், மருத்துவரே எதிர்பாராத ஒரு கோரிக்கையை வைத்தார்.

(தொடரும்)