கல்விக் கட்டளைகள்: முதலும் பொலிசையும்

கொடையெல்லாவற்றுள்ளும் கல்விக்கொடை சிறந்ததென்பது நம் பெரியோர் யாவர்க்கும் ஒப்ப முடிந்த துணிபு. ஆயினும், கொடுத்தல் வேறு. கொடுத்தது நிலைபெறச் செய்தல் வேறு. ஒரு மாணாக்கனுக்கு இன்று சோறளித்தல் ஈகை. அவன்பின் வரும் மாணாக்கர்க்கெல்லாம் அச்சோறு ஒழியாது கிடைக்குமாறு ஒரு முதலை வைத்து, அம்முதல் குன்றாமல் அதன் பயனை மட்டுமே செலவிடுக என வரையறுத்தல் கட்டளை. திருவாரூர்க் கோயிலில் உள்துறைக் கட்டளை, அபிடேகக் கட்டளை, இராசன் கட்டளை என வழங்கி வந்த பெயர்களை அன்பர் அறிவர். இக்காலத்து அறக்கட்டளையென வழங்கும் சொல்லும் இப்பொருளே பற்றியது.

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்கள் 2021 இல் தாம்பரம் மாநகராட்சியென ஒன்றாக்கப்பெற்றன. இவ்வூர்கள் கல்லூரிகள் மலிந்தவை. பணி நிறைவெய்திய ஆசிரியரும் அலுவலரும் பலராய்க் குடியிருப்பவை. தாம் ஊழியம் புரிந்த கல்விநிலையத்திலேயே தாய்தந்தையர் பெயராலேனும் தம் ஆசான் பெயராலேனும் ஒரு தொகையை வைத்து, அதன் வட்டியால் வறிய மாணாக்கர்க்கு உதவுதல் இக்காலத்துக் கல்வியுலகில் பரவிய நல்வழக்கம். அவ்வழக்கத்தின் பழமை யாது, அது நின்று பயன்தரும் நெறி யாது என்னும் இரண்டையும் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் கல்வெட்டுக்களை நோக்குவாம். முதல் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, விழுப்புரப் பகுதியில் ஓங்கியிருந்த ஒரு பெருங் கல்லூரியைக் காட்டுகின்றது. அதன்கண் கற்றோர் 340 பேர். கற்பித்த ஆசிரியர் 14 பேர். விடப்பட்ட நிலம் 45 வேலி. இளமாணாக்கர் 270 பேர்க்கு நாடோறும் தலைக்கு 6 நாழி நெல்லும், உயர்கல்வி பயின்ற 70 பேர்க்குத் தலைக்கு 10 நாழி நெல்லும் வரையறுக்கப்பட்டன. கூட்டிப் பார்ப்பின் ஒருநாட்கு 2,320 நாழி. குறுணிக்கு 8 நாழியும் கலத்துக்கு 12 குறுணியுமாக அது 24 கலம் 2 குறுணியாம்.

தாம்பரத்தார்க்கு இன்னும் அணித்தாகவுள்ளது, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துத் திருமுக்கூடல். வீரராசேந்திரனது ஐந்தாம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்ட ஆங்குள்ள பெருங் கல்வெட்டு, திருமால் கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்லூரியையும், மாணாக்கர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும் கூறுகின்றது. மாணாக்கர்க்கு உணவோடு அமையாது, படுக்கப் பாயும், இரவிற்கு விளக்கும், சனிக்கிழமை தலைமுழுக்கிற்கு எண்ணெயும் வகுத்த நுட்பம் நினையுந்தோறும் வியப்பளிப்பது. ஊரும் தாயும் பிரிந்து வந்து பயிலும் இளைஞன்பால் பரிவுடையார் ஒருவரே இவற்றை நினைந்து எழுதியிருத்தல் கூடும்.

அற்றேல், இவை அரசரும் அரசியலாரும் செய்தவையன்றோ? ஊதியம் பெற்று வாழ்வார் செய்த கட்டளை உளதோ எனின், உளது என்க. தஞ்சை இராசராசேச்சரத்தில் ஸ்ரீகாரியஞ் செய்தவன், பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பான். அவன் கோயிலை நடத்திய அலுவலன். அவனே அக்கோயிலில் ஞானசம்பந்தர், நாவுக்கரசர், நம்பியாரூரர், பரவையார் முதலியோர்க்குச் செப்புத் திருமேனிகள் செய்து எழுந்தருளுவித்தான். தான் பணிபுரியும் நிலையத்திற்குத் தன் கைப்பொருளையே மீட்டுமளித்த அலுவலனைப் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காண்கின்றோம்.

அக்கோயிலில் பிறர் வைத்த காசு முதல்கள் பலவற்றை ஊர்ச்சபையார் கைக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு பொலிசையளிக்க இசைந்தனர். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது அதன் அளவு. சிலவிடத்துப் பொலிசையைக் காசாகவன்றி நெல்லாகவே அளக்கவும் விதித்தனர்.

இனி அண்மைக் காலத்தைக் காண்பாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837 இல் ஒரு பள்ளியாகத் தோன்றி, நூறாண்டு நகரின் நடுவண் நடந்து, 1937 இல் தாம்பரத்துச் சேலையூர்க் காட்டிற்குப் பெயர்ந்தது. 1862 இல் சென்னைக்கு வந்து 1907 வரை அதனை வளர்த்த வில்லியம் மில்லர், தாம் ஊழியம் புரிந்த அக்கல்லூரிக்கே தம் சொந்தப் பொருளையும் வாரி வழங்கியவர். சமயத்தால் வேறாயினும் இச்செயலைப் போற்றுதல் நம் கடனாம்.

அக்கல்லூரியிற் பணிபுரிந்த நம்மவருள் தலைசிறந்தவர் மறைமலையடிகள். 1898 முதல் 1911 வரை ஆங்குத் தமிழாசிரியராய் இருந்த அடிகள், பின்னர்ப் பல்லாவரத்தில் உறைந்து சைவத்திற்கும் தமிழுக்கும் உழைத்தது யாவரும் அறிந்ததே. அவர் தேடிய செல்வம் நூல்களே. ஏறத்தாழ நாலாயிரமாகிய அந்நூல்கள் பொதுமக்கட்குப் பயன்படுமாறு அவர் இறுதிமுறி எழுதிவைத்தார். அவர் 1950 இல் மறைந்தபின், 1958 இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அவற்றைக்கொண்டு மறைமலையடிகள் நூல்நிலையத்தைச் சென்னையில் நிறுவினர். படிக்கப் படிக்கக் குறையாத முதல் நூலாகலின், இதுவும் ஒரு கட்டளையேயாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1936 முதல் தமிழ்ப்பணி புரிந்த ரா. பி. சேதுப்பிள்ளை, தம் அன்னையார் பெயரால் ஆங்குச் சொர்ணம்மாள் அறக்கட்டளையை நிறுவினார். அதன் பயனாய் நிகழ்ந்த திருக்குறட் சொற்பொழிவுகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. திருப்பனந்தாட் காசிமடத்தார் திருவைகுண்டத்தில் நிறுவிய குமரகுருபரர் கல்லூரியில் நூலகராயிருந்த பாலம் கலியாணசுந்தரம், தம் ஊதியம் முழுவதையும் வறிய பிள்ளைகட்கே ஈந்து, தம் உணவிற்கு வேறு தொழில் செய்து வாழ்ந்தார். 2023 இல் அவர்க்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. அவர் செயல் அரிது, எல்லாரிடத்தும் எதிர்பார்க்கற்பாலதன்று. கட்டளையோ, அத்தகைய துறவு வாய்க்காத இல்லறத்தானும் தன் அளவிற்குச் செய்யத்தக்க அறம் என்பதே ஈண்டு அறியற்பாலது.

ஈண்டு மூன்று தடைகள் நிகழும். ஊதியத்தால் வாழ்வோன் தன் குடியைக் காத்தலே முறை. கல்விக்கு உதவுதல் செல்வர் கடன் என்பது முதற்றடை. குடியைக் காத்தல் கடனென்பது மெய்யே. ஆயின் மாணாக்கனது முட்டுப்பாட்டை நேரிற் கண்டறிவோர் யாவர்? கட்டணம் செலுத்தும் இறுதிநாளில் பலகணியருகே தயங்கி நிற்பவனை அலுவலகத்தார் அறிவர். நண்பகலில் உண்ணாது நூலகத்தில் அமர்ந்திருப்பவளை நூலகர் அறிவர். குரோம்பேட்டையில் சி. இராசம் 1949 இல் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர அப்துல் கலாமுக்குப் பணம் வேண்டியபோது, தமக்கையார் தம் பொன்வளைகளையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்ஙனம் வைக்கப் பொன்னும் இல்லாத இல்லங்கள் எத்துணை! அறிந்தோர் கொடை இடமறிந்து சேரும்.

சிறுதொகையால் ஆவதென்னை என்பது இரண்டாவது. பலர் வைத்த முதல்களைத் தனித்தனியே எழுதிக்கொண்டு ஒரு நிலையம் ஓம்புமாயின் சிறுமை பெருமையாம் என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டுக்களே சான்று.

மூன்றாவது தடையே வலியது. காசின் மதிப்பு நாளடைவில் தேய்கின்றது. பதினாயிரம் ரூபாயை நூற்றுக்கு ஆறு வட்டிக்கு வைப்பின் ஆண்டிற்கு 600 ரூபாய் வரும். அறுபது ஆண்டுகட்கு முன் அஃது ஒரு மாணாக்கன் கற்றற்குப் பெருந்துணையாயிருந்தது. இன்று சில நாள் உணவிற்கும் போதாது. முதல் எழுத்தளவில் அழியாதிருந்தும் அறம் அழிந்துபடுகின்றது. தம் தந்தையார் பெயர் ஆண்டுதோறும் வாசிக்கப்பெறுவதையும், அப்பெயரால் ஒரு பிள்ளைக்கு உற்ற உதவி ஒன்றுமின்மையையும் ஒருங்கு காணும் வழித்தோன்றல் எங்ஙனம் மகிழ்வான்?

இதற்கு விடை பண்டையோர் செய்தியிலேயே உளது. எண்ணாயிரத்தார் மாணாக்கனுக்கு இத்துணைப் பொன் என்றமையாது, நாடோறும் இத்துணை நாழி நெல் என்றனர். பொன் விலை ஏறினும் இறங்கினும் பசிக்கு வேண்டும் நெல் மாறாது. விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடு விட்டோர் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு இறவாதென்பது கருத்தன்று. இறந்ததற்கு ஈடாகக் குட்டி நின்று தொகை குன்றாதிருக்கவேண்டும் என்பதே கருத்து. முதலின் எண்ணைக் காவாது அதன் ஆற்றலைக் காத்தனர் என்க.

ஆகலின், இன்று கட்டளை வைப்போர் கருதத்தக்கன நான்கு. பயனை ரூபாயால் வரையறாது, ஒரு மாணாக்கனது ஓராண்டுக் கட்டணம் என்றேனும் விடுதியுணவு என்றேனும் பொருளால் வரையறுத்தல் ஒன்று. ஆண்டுதோறும் வட்டியில் ஒரு கூற்றை முதலோடு சேர்த்தல் இரண்டு. மைந்தரும் மாணாக்கரும் மேன்மேலும் தொகை சேர்க்க வாயில் திறந்துவைத்தல் மூன்று. பயன்பெற்றோர் தொகையையும் முதலின் நிலையையும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்தல் நான்கு. பண்டையோர் கணக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டாது, வருவார் போவார் எல்லாருங் காணக் கோயிற் சுவரில் வெட்டியது இதன்பொருட்டேயாம்.

அறஞ்செய்வான் விழைவது பெயரின் நிலைபேறன்று, பயனின் நிலைபேறே. திருமுக்கூடலில் மாணாக்கனுக்குப் பாயும் விளக்கும் எண்ணெயும் எழுதிவைத்த பரிவு, இன்று தாம்பரத்தில் ஓய்வூதியத்திற் சிறிது மிச்சம் பிடிப்பார் நெஞ்சத்தும் உளது. அப்பரிவிற்கு அக்காலத்தார் கணக்கறிவும் துணையாகுமாயின், அவர் வைக்கும் கட்டளைகள் அவர் காணாத மாணாக்கரையும் காக்கும்.