295-ஏ பிறந்த கதை

புழல் என்றால் சென்னைக்காரருக்கு இரண்டு: தண்ணீர் தரும் ஏரி, களி தின்ன வைக்கும் ஜெயில். மதத்தைப் புண்படுத்தியதாக நகரில் யாரையாவது பிடித்து ரிமாண்ட் செய்தால், போலீஸ் வேன் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டாவதன் வாசலில். காகிதத்தில் இப்போது பி.என்.எஸ். 299 என்றிருக்கும். 2024 ஜூலை வரை அதன் பெயர் இ.பி.கோ. 295-ஏ. பிறந்த ஊர் லாகூர்.

1924-ல் அங்கே ராஜ்பால் என்ற பதிப்பாளர், முகமது நபியின் இல்லற வாழ்க்கையை நையாண்டி செய்யும் 'ரங்கீலா ரசூல்' என்ற சிறுநூலை எழுதியவர் பெயர் போடாமல் வெளியிட்டார். வகுப்புப் பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153-ஏ பிரிவில் வழக்கு. கீழ்க்கோர்ட் தண்டித்தது. 1927 மே மாதம் லாகூர் ஹைகோர்ட் நீதிபதி தலீப் சிங் விடுவித்தார்: எழுத்து கேவலம்தான், ஆனால் மறைந்த மதத் தலைவரைத் தாக்குவது இந்தப் பிரிவுக்குள் வராது. நீதிபதி பதவி விலக வேண்டும் என்று தலையங்கம் தீட்டிய 'முஸ்லிம் அவுட்லுக்' ஆசிரியர், கோர்ட் அவமதிப்பில் சிறைக்குப் போனார். புத்தகம் போட்டவர் வெளியே, தலையங்கம் எழுதியவர் உள்ளே!

சில மாதங்களில் அதே கோர்ட்டின் இன்னொரு பெஞ்ச், 'ரிசாலா இ வர்த்தமான்' என்ற அமிர்தசரஸ் பத்திரிகை வழக்கில், 153-ஏ-யே போதும் என்று தண்டித்துவிட்டது. பழைய சட்டையே பொருந்தும் என்று தெரிந்த பிறகும் புதுச்சட்டை தைத்தார்கள். செப்டம்பரில் 295-ஏ நிறைவேறியது. நேர்மையாக மதத்தை விமர்சிப்பவரை இது தொடக்கூடாது என்று சட்டசபையில் எச்சரித்தவர் ஜின்னா. 'வேண்டுமென்றே, தீய நோக்கோடு' என்று பிரிவில் இருக்கும் சொற்கள் அந்த வேலிக்குத்தான்.

சட்டம் வந்தும் ராஜ்பால் பிழைக்கவில்லை. 1929 ஏப்ரலில் இல்முத்தீன் என்ற இளைஞர் அவரைக் கடையிலேயே குத்திக் கொன்றார். அந்த இளைஞருக்காக அப்பீலில் வாதாடிய வக்கீலும் ஜின்னாதான். தொழில் என்று சொல்லலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

நம் பக்கத்துக் கதை 1969-ல். பெரியாரின் இராமாயண விமர்சனத்தை இந்தியில் 'சச்சி ராமாயண்' என்று லலாய் சிங் வெளியிட, உத்தரப்பிரதேச அரசு 295-ஏ-யைக் காட்டி அதைப் பறிமுதல் செய்தது. ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்ய, அரசு அப்பீல் போனது. 1976-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த அப்பீலைத் தள்ளினார். அப்போது நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை.

2020 ஜூலையில் கந்த சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்தியதாகக் 'கறுப்பர் கூட்டம்' யூடியூப் சேனல்காரர்கள் கைதானார்கள். குண்டர் சட்டமும் பாய்ந்தது. கைது செய் என்று குரல் கொடுத்த பா.ஜ.க., நவம்பரில் திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை கிளம்பியது, அதே அ.தி.மு.க. அரசு அவர்களையும் பிடித்தது. 2021 ஜனவரியில் அதே திருத்தணிப் பக்கம், பெரியார் வழி வந்த தி.மு.க.வின் தலைவர் மு.க. ஸ்டாலின் கூட்டம் நடத்தினார். மேடையில் அவர் கையில் வெள்ளி வேல்.