கடலூர்ப் போரும் காணாப் பகையும்

1783 ஜூன் 13 அன்று கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். அக்கால மருத்துவர் குண்டை அகற்றவும் உறுப்பைத் துணிக்கவும் வல்லவர். ஆயினும் புண் அழுகுவதன் காரணத்தை அறியார். சீழ் கட்டுவதையே நற்குறியெனப் பலர் நம்பினர். கழுவாத கையும் கத்தியும் ஒருவர் நோயை மற்றொருவர்க்கு ஏற்றின.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்பார் மருத்துவரைக் குளோரின் நீரில் கைகழுவச் செய்து, மகப்பேற்று விடுதியில் தாய்மாரின் சாவைக் குறைத்தார். உடன் மருத்துவர் பலர் அதனை ஏற்றிலர். 1867-இல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். அப்போது கடலூர்ப் போர் முடிந்து 84 ஆண்டுகள் சென்றிருந்தன.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1985-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்குப் பயில்வோர் கிருமியின் இயல்பை அறிவர். ஆனால் அறிவு மட்டும் நோயாளியைக் காவாது. ஒவ்வொரு முறையும் தவறாது கைகழுவும் ஒழுக்கமே காக்கும்.