கடதாசியில்லாக் கந்தோர்: ஒரு பழைய கனவு

1975 ஜூனில் 'பிசினஸ் வீக்' சஞ்சிகை எதிர்காலக் கந்தோர் பற்றி எழுதியது. மேசையில் திரை இருக்கும், பொத்தானை அழுத்தினால் கோப்பு வரும், கடதாசி பெரிதாகத் தேவைப்படாது என்று அதில் சொன்னவர் ஜோர்ஜ் பேக். ஸெரொக்ஸ் கம்பனியின் பாலோ ஆல்டோ ஆய்வுகூடத் தலைவர். போட்டோகொப்பி மெசின் விற்ற அதே கம்பனி! திரை வந்தது, கூடவே பிரிண்டரும் வந்தது. அமெரிக்கக் கந்தோர்களில் அடுத்த இருபது வருசமும் கடதாசி கூடித்தான் போச்சு.

இலங்கையில் இலத்திரனியல் ஆவணத்துக்கு 2006இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டம் காணி விற்பனையை விலக்கிவைத்தது. இடம்பெயரேக்க உறுதியைப் பொலித்தீனில் சுத்திக்கொண்டு ஓடின சனம் நாங்கள். அது தொலைஞ்சால் காணியே போச்சு என்ற பயம் இன்னும் இருக்கு. ஒரே பிரதியை நம்பி இன்னும் எவ்வளவு காலம்?